டேப்லெட்டில் வரையும்போது செயலி ஏன் திடீரென மூடிக்கொள்கிறது? ஓவியத்தைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி?

டேப்லெட்டில் ஓவியம் வரைபவர் யாராக இருந்தாலும் என்றாவது ஒருநாள் இதைச் சந்தித்தே தீருவார். ஒரு கோட்டைப் பாதி இழுத்திருக்கும்போது திரை சற்றே தயங்குகிறது. அடுத்த நொடியில் செயலி மறைந்து முகப்புத் திரை வந்து நிற்கிறது. மீண்டும் திறந்து பார்த்தால் கடைசி அரை மணி நேர வேலையைக் காணோம். சில சமயம் ஓவியமே திறக்க மறுக்கிறது. புதிதாக வரையத் தொடங்கியவர்கள் இதைத் தங்கள் துரதிர்ஷ்டம் என்றோ, விலை குறைந்த கருவியை வாங்கியதன் பலன் என்றோ எண்ணி மனம் சோர்ந்துவிடுகிறார்கள். ஆனால் செயலி இப்படித் திடீரென நின்றுபோகும் கிராஷ்களில் பெரும்பாலானவற்றுக்குக் கணக்குப் போட்டுக் காட்டக்கூடிய காரணம் உண்டு. செயலி மூடிக்கொள்வதை முற்றிலும் தடுக்க முடியாவிட்டாலும், அதனால் ஓவியம் பறிபோவதைப் பெருமளவு தடுத்துவிடலாம். இவ்விரண்டையும் தனித்தனிப் பிரச்சினைகளாகப் பார்க்கப் பழகுவதுதான் முதல் படி.

ஓவியம் எங்கே இருக்கிறது?

திரையில் தெரியும் ஓவியம் ஒன்றுதான் என்றாலும் அது இருக்கக்கூடிய இடங்கள் மூன்று. முதலாவது ரேம் எனப்படும் தற்காலிக நினைவகம். நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு கோடும் முதலில் இங்கேதான் பதிகிறது. செயலி மூடிக்கொண்டால் இங்கிருப்பது அனைத்தும் அந்தக் கணமே அழிந்துவிடுகிறது. இரண்டாவது, டேப்லெட்டின் உள் சேமிப்பகம். ரேமில் உள்ள ஓவியத்தைச் செயலி கோப்பாக எழுதி வைக்கும் இடம் இது. செயலி மூடிக்கொண்டாலும், டேப்லெட்டே அணைந்துபோனாலும் இந்தக் கோப்பு அப்படியே இருக்கும். ஆனால் கோப்பு சிதைந்தாலோ, செயலியை நீக்கினாலோ, கருவி பழுதானாலோ இதுவும் போய்விடும். மூன்றாவது, டேப்லெட்டுக்கு வெளியே உள்ள இடம்: கணினி, பென் டிரைவ், கிளவுட் சேமிப்பு போன்றவை.

வரைந்துகொண்டிருக்கும்போது அவ்வப்போது நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் கடைசியாக வரைந்த பகுதி இந்த மூன்றில் எதுவரை போய்ச் சேர்ந்திருக்கிறது? முதல் இடத்தில் மட்டும் இருக்கும் வேலை எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு கிராஷில் நாம் இழக்கப்போவது. கீழே சொல்லப்படும் ஆலோசனைகள் எல்லாம் அந்த அளவைக் குறைப்பதற்கான வழிகள்தான்.

ரேம் நிரம்புவது எப்படி?

செயலி மூடிக்கொள்வதற்கு மிகப் பொதுவான காரணம் ரேம் போதாமல் போவது. இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு பெருக்கல் கணக்கு போதும்.

ஏ4 அளவுத் தாளை 300 டிபிஐ தெளிவில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம், வரைவதாக வைத்துக்கொள்வோம். அந்த கேன்வாஸின் அளவு 2480 × 3508 பிக்சல். அதாவது ஏறத்தாழ 87 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிற மதிப்புகளும், அந்த இடம் எவ்வளவு ஒளிபுகக்கூடியது என்பதைக் குறிக்கும் நான்காவது மதிப்பும் பதிய வேண்டும். வழக்கமான அமைப்பில் ஒவ்வொன்றுக்கும் 1 பைட் வீதம் ஒரு பிக்சலுக்கு 4 பைட் தேவை. ஆக ஒரே ஒரு லேயருக்கு, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரையும் படலங்களில் ஒன்றுக்கு, சுமார் 35 எம்பி. இருபது லேயர் வைத்தால் 700 எம்பி. இதே ஏ4 தாளை 600 டிபிஐயில் தொடங்கினால், நீளம் அகலம் இரண்டும் இரட்டிப்பதால் பிக்சல்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகிறது: லேயருக்கு 139 எம்பி, இருபது லேயருக்கு ஏறக்குறைய 2.8 ஜிபி. நிறத்துக்கு 16 பிட் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இவை அனைத்தும் மேலும் இரண்டு மடங்காகும்.

இப்போது 4 ஜிபி ரேம் உள்ள ஒரு டேப்லெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 4 ஜிபியும் ஓவியச் செயலிக்குக் கிடைப்பதில்லை. இயங்குதளம் தனக்கென ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது, பின்னணியில் ஓடும் மற்ற செயலிகள் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. இது போக, ஒரு தனிச் செயலி இவ்வளவுக்கு மேல் ரேம் பயன்படுத்தக்கூடாது என்ற வரம்பும் உண்டு. அந்த வரம்பைத் தாண்டும்போது இயங்குதளம் எச்சரிக்கைப் பெட்டி எதுவும் காட்டாமல் செயலியை நிறுத்திவிடுகிறது. திரையில் எந்தச் செய்தியும் வராமல் ஓவியம் சட்டென்று மறைவதற்குக் காரணம் இதுவே. இந்த வகை முடக்கத்தில் பெரும்பாலும் செயலியில் பிழை எதுவும் இருக்காது. டேப்லெட் முழுவதும் உறைந்துவிடாமல் காக்க இயங்குதளம் எடுத்த முடிவு அது.

‘என் கோப்பு வெறும் 60 எம்பிதானே, அதற்கு எப்படி இவ்வளவு ரேம் தேவைப்படும்?’ என்று பலர் கேட்கிறார்கள். சேமிப்பகத்தில் உள்ள கோப்பு சுருக்கி எழுதப்பட்டது. வரைவதற்காகத் திறக்கும்போது அது விரித்து வைக்கப்படுகிறது. ஆகவே கோப்பின் அளவை வைத்து ரேம் தேவையை ஊகிக்க முடியாது. கேன்வாஸின் பிக்சல் அளவையும் லேயர்களின் எண்ணிக்கையையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். வெறுமையாக உள்ள பகுதிகளுக்கு ரேம் ஒதுக்காமல் மிச்சப்படுத்தும் செயலிகளும் உண்டு. உதாரணமாக, கிரிட்டா என்ற ஓவியச் செயலி கேன்வாஸை 64 × 64 பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்துக் கையாள்கிறது. அதனால் மேற்கண்ட கணக்கை, ஓவியம் நிறைந்து வரும்போது எட்டக்கூடிய உச்ச அளவாக எடுத்துக்கொள்வது நல்லது.

இந்தக் கணக்கைச் செயலிகள் எதிர்கொள்ளும் விதமும் வேறுபடுகிறது. ஐபேடுக்கான ஓவியச் செயலியான புரோகிரியேட், கேன்வாஸ் அளவையும் ஐபேடின் ரேமையும் பார்த்து, இத்தனை லேயருக்கு மேல் வைக்க முடியாது என்று முன்கூட்டியே வரம்பு போட்டுவிடுகிறது. கேன்வாஸ் தகவல் பகுதியில் எத்தனை லேயர் பயன்படுத்தியிருக்கிறீர்கள், இன்னும் எத்தனை மீதமிருக்கின்றன என்று பார்க்கலாம். இந்த வரம்பு எரிச்சலூட்டுவதாகப் பலருக்குத் தோன்றினாலும், தொடக்கநிலையில் இருப்பவருக்கு அது பெரிய பாதுகாப்பு என்பதே என் கருத்து. இத்தகைய வரம்பை விதிக்காத செயலிகளில் வேகம் குறைவதுதான் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. கோடு பேனாவுக்குப் பின்தங்கி வருவது, பெரிதாக்கிப் பார்க்கும்போது படம் கட்டம் கட்டமாகத் தோன்றிப் பிறகு தெளிவது, லேயரின் சிறுபடம் தாமதமாக மாறுவது ஆகியவை தென்பட்டால், அடுத்த கோட்டை இழுக்கும் முன் சேமித்துவிடுங்கள்.

லேயரைத் தவிர ரேமைத் தின்னும் வேறு சிலவும் உண்டு. அவற்றில் முக்கியமானது அன்டூ வரலாறு. பின்னோக்கிச் செல்ல வேண்டுமானால் ஒவ்வொரு செயலுக்கும் முந்தைய நிலையைச் செயலி நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒரு சிறு கோட்டுக்கு அது தொட்ட இடத்தை மட்டும் வைத்தால் போதும். ஆனால் ஒரு லேயர் முழுவதையும் சுழற்றினாலோ, நெளித்தாலோ, மங்கலாக்கும் ஃபில்டரைப் போட்டாலோ, முழு லேயரின் முந்தைய நிலையும் நினைவில் தங்குகிறது. இத்தகைய செயல்களை அடுத்தடுத்துச் செய்து பார்க்கும்போதுதான் கிராஷ்கள் கூடுதலாக நிகழ்கின்றன. புரோகிரியேட்டில் 250 செயல்கள் வரை பின்னோக்கிப் போகலாம். ஆனால் ஓவியத்தை மூடிவிட்டு கேலரிக்குத் திரும்பினால் அந்த வரலாறு கலைந்துவிடும். மூடுவதற்கு முன் ஓவியம் நீங்கள் விரும்பும் நிலையில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம்.

மாதிரிக்காக உள்ளே கொண்டுவரும் புகைப்படங்களும் இப்படித்தான். 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த ஒரு படம் விரிந்த நிலையில் சுமார் 48 எம்பி. அதாவது, நம் ஏ4 கேன்வாஸின் ஒரு முழு லேயரைவிடப் பெரியது. படத்தைச் சிறிதாக்கிய பிறகு கொண்டுவாருங்கள், அல்லது செயலியில் மாதிரிப் படத்துக்கென்று தனிச் சாளரம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

மூடுவது, உறைவது, பின்னணியில் மறைவது

எல்லாவற்றையும் ‘கிராஷ்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும், செய்ய வேண்டியது ஒவ்வொன்றுக்கும் வேறு.

செயலி சட்டென மூடிக்கொண்டால் அந்த நேரத்தில் நம்மால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஆனால் செயலி உறைந்து நின்றால் இன்னும் வாய்ப்பு இருக்கிறது. ஆண்ட்ராய்டில், தொடுதலுக்கு 5 நொடிகள் வரை செயலி பதில் தராவிட்டால், செயலி பதிலளிக்கவில்லை என்றும், காத்திருக்கவா மூடவா என்றும் கேட்கும் பெட்டி தோன்றும். அதைக் கண்டதும் பதற்றத்தில் மூடச் சொல்லிவிடுகிறோம். பெரிய ஓவியத்தைச் சேமித்துக்கொண்டிருக்கும்போதும், கனமான ஃபில்டரைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும்போதும் செயலி இப்படி மௌனமாகிவிடுவது இயல்பே. காத்திருப்பதைத் தேர்ந்தெடுத்து, பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சில நிமிடங்கள் திரையைத் தொடாமல் இருங்கள். தொட்டுக்கொண்டே இருந்தால் அந்தத் தொடுதல்கள் எல்லாம் வரிசையில் சேர்ந்து, செயலி மீளும்போது ஓவியத்தின் மேல் கோடுகளாக வந்து விழக்கூடும்.

மூன்றாவது வகை, பின்னணியில் மறைவது. மாதிரிப் படம் தேட பிரவுசருக்குப் போய்விட்டுத் திரும்பினால், செயலி முதலிலிருந்து திறக்கிறது. ரேம் தேவைப்படும்போது பின்னணியில் இருக்கும் செயலிகளை முதலில் நிறுத்துவது ஆண்ட்ராய்டு, ஐபேட் இரண்டுக்கும் பொதுவான வழக்கம். அதிக ரேமைப் பிடித்து வைத்திருக்கும் ஓவியச் செயலி அதற்கு எளிதில் இலக்காகிவிடும். பேட்டரியை மிச்சப்படுத்தும் அமைப்புகளும் இதைச் செய்யும் என்பதால், ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் ஓவியச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி வைப்பது பயன் தரும். ஆனால் இதற்குச் சிறந்த மருந்து ஒரு பழக்கம்தான்: ஓவியச் செயலியை விட்டு வேறெங்கும் போவதற்கு முன் ஓவியத்தைச் சேமித்து மூடிவிட்டுச் செல்வது. ஓர் அழைப்பை எடுப்பதற்காகச் செல்வதும் இதில் அடங்கும்.

சேமிக்கும் நேரத்தில் நிகழும் கிராஷ்

ஓவியத்தின் கடைசிப் பகுதி மட்டும் போவதைவிடக் கொடியது, கோப்பே திறக்காமல் போவது. இது பெரும்பாலும் சேமிப்பு நடந்துகொண்டிருக்கும்போது செயலி நின்றுவிடுவதால் நேர்கிறது. இதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் எச்சரிக்கை தானாக வந்துவிடும்.

கிரிட்டாவின் கோப்பும் புரோகிரியேட்டின் கோப்பும் உள்ளுக்குள் ஜிப் கோப்புகளே. லேயர்கள், சிறுபடம், அமைப்பு விவரங்கள் எல்லாம் தனித்தனிக் கோப்புகளாக ஒரே பொதிக்குள் அடுக்கப்பட்டிருக்கும். ஜிப் வடிவத்தில், எந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல் பொதியின் கடைசியில் எழுதப்படுகிறது. பொருளடக்கம் கடைசிப் பக்கத்தில் அச்சிடப்பட்ட புத்தகத்தைப் போல இதைக் கருதலாம். எழுதி முடிக்கும் முன் வேலை நின்றுவிட்டால், லேயர்களில் பெரும்பகுதி உள்ளே பத்திரமாக இருந்தும், பட்டியல் இல்லாததால் கோப்பு சிதைந்துவிட்டது என்று செயலி சொல்லிவிடுகிறது.

கவனமாக எழுதப்பட்ட செயலிகள் இதைத் தவிர்க்க, புதிய பதிப்பை முதலில் ஒரு தற்காலிகக் கோப்பில் முழுமையாக எழுதி, அது முடிந்த பிறகே பழைய கோப்பின் இடத்தில் வைக்கின்றன. இதனால் இரு பதிப்புகளுக்கும் சேர்த்து இடம் தேவைப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். டேப்லெட்டின் சேமிப்பகம் நிரம்பியிருந்தால் சேமிப்பு பாதியில் தோற்றுவிடும். தானியங்கிச் சேமிப்பும் நமக்குத் தெரியாமலேயே நின்றுபோகலாம். சில ஜிபி இடத்தையாவது எப்போதும் காலியாக வைத்திருப்பது இதற்காகத்தான். புரோகிரியேட், ஐபிஸ் பெயின்ட் போன்ற செயலிகள் வரையும் முறையைக் காணொளிக்காகப் பதிவு செய்து வைக்கின்றன. அந்தப் பதிவும் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், காணொளி தேவைப்படாத ஓவியங்களுக்கு அதை நிறுத்திவிடலாம்.

மெமரி கார்டிலோ, கிளவுட் கோப்புறையிலோ உள்ள கோப்பை நேரடியாகத் திறந்து வரையாதீர்கள். கார்டு ஒரு நொடி தொடர்பு விட்டாலும், இணையம் நடுவில் துண்டித்தாலும் சேமிப்பு முறியும். உள் சேமிப்பகத்தில் வரைந்து, முடித்த பின் பிரதியை வெளியே அனுப்புவதே பாதுகாப்பானது. பேட்டரி அடிமட்டத்தில் இருக்கும்போது பெரிய கோப்பைச் சேமிக்கத் தொடங்குவதையும் தவிர்க்க வேண்டும்.

தானியங்கிச் சேமிப்பை எவ்வளவு நம்பலாம்?

தானியங்கிச் சேமிப்பு உண்டு என்று எல்லாச் செயலிகளும் சொன்னாலும், அதன் பொருள் செயலிக்குச் செயலி மாறுகிறது. புரோகிரியேட் நாம் வரைய வரையத் தானே சேமித்துக்கொண்டே வருகிறது. அதில் சேமிக்கும் பொத்தானே கிடையாது. ஐபிஸ் பெயின்ட்டில் கேலரிக்குத் திரும்பும்போது ஓவியம் சேமிக்கப்படுகிறது. ஆகவே நெடுநேரம் கேலரிக்கே போகாமல் வரைவது நல்லதல்ல. கிரிட்டா, குறிப்பிட்ட இடைவெளியில் தனியான மீட்புக் கோப்பு ஒன்றை எழுதி வைத்து, கிராஷுக்குப் பிறகு அதைத் திறக்கவா என்று கேட்கிறது. இது போக, நாம் சேமிக்கும்போது முந்தைய பதிப்பைக் காப்புப்பிரதியாக வைத்துக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. கிளிப் ஸ்டுடியோ பெயின்ட்டின் அமைப்புகளில், மீட்புத் தகவல் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எழுதப்பட வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

இடைவெளியை மிகக் குறைத்துவிட்டால் பாதுகாப்பு கூடும் என்றாலும், பெரிய ஓவியத்தில் ஒவ்வொரு முறையும் செயலி சற்றுத் திணறும். சேமிப்பு நடக்கும் நேரத்தில் கூடுதல் ரேமும் தேவைப்படும். ஐந்து முதல் பத்து நிமிடம் என்பது பொறுத்துக்கொள்ளக்கூடிய இடைவெளி என்று கருதுகிறேன். உங்கள் செயலி எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை போதும். முக்கியமில்லாத ஒரு கேன்வாஸைத் திறந்து நாலைந்து கோடுகள் இழுத்துவிட்டு, எதையும் சேமிக்காமல், சமீபத்தில் பயன்படுத்திய செயலிகளின் பட்டியலுக்குப் போய் ஓவியச் செயலியைத் தள்ளி மூடுங்கள். மீண்டும் திறந்து பார்த்தால் எத்தனை கோடுகள் எஞ்சியிருக்கின்றனவோ, அதுவே அந்தச் செயலியின் தானியங்கிச் சேமிப்பு தரும் உத்தரவாதத்தின் அளவு. உண்மையான கிராஷ் இதைவிடக் கடுமையாக இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்; நாமே மூடும்போது செயலிக்குக் கிடைக்கும் சிறு அவகாசம் அப்போது கிடைப்பதில்லை.

கிராஷ் ஆன பிறகு

முதல் பத்து நிமிடங்களில் நாம் செய்வதும் செய்யாமல் இருப்பதும்தான் ஓவியத்தின் கதியைத் தீர்மானிக்கின்றன. செயலியை மீண்டும் திறக்கும்போது மீட்டெடுத்த பதிப்பு வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்று சொல்லி, அதைப் புதிய பெயரில் சேமியுங்கள். பழைய கோப்பின் மேலேயே சேமித்துவிட்டால், மீட்டெடுத்ததில் குறை இருப்பது பிறகு தெரியவரும்போது திரும்பிப்போக வழி இருக்காது. கேலரியில் ஓவியம் தெரிகிறது ஆனால் திறக்கும்போதெல்லாம் செயலி மூடிக்கொள்கிறது என்றால், திரும்பத் திரும்ப முயல்வதற்கு முன் அந்தக் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து வெளியே அனுப்பிவிடுங்கள். பிறகு டேப்லெட்டை ஒருமுறை அணைத்து இயக்கி, வேறு செயலி எதையும் திறக்காமல் முயன்று பாருங்கள். ரேம் போதாமையே காரணமாக இருந்தால், கூடுதல் ரேம் உள்ள வேறொரு கருவியில் அதே கோப்பு எந்தக் குறையும் இல்லாமல் திறப்பதுண்டு. அங்கே லேயர்களை இணைத்துக் குறைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவரலாம்.

கிரிட்டா கோப்பாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. பிரதியின் பெயர் நீட்சியை ஜிப் என்று மாற்றிக் கணினியில் பிரித்துப் பார்த்தால், எல்லா லேயரும் இணைந்த முழு அளவுப் படம் ஒன்று பிஎன்ஜி வடிவில் உள்ளே இருக்கும். லேயர்கள் கிடைக்காவிட்டாலும் ஓவியமாவது கைக்கு வரும்.

செய்யக்கூடாதவற்றில் ஒன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். செயலி சரியாக இயங்கவில்லை என்றால் அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள் என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். மற்ற செயலிகளுக்கு அது பொருந்தலாம். ஓவியச் செயலிக்கு அது பேராபத்து. இவற்றில் பல, ஓவியங்களைத் தங்களுக்கே உரிய தனி இடத்தில் வைத்திருக்கின்றன. செயலியை நீக்கினால் அந்த இடமும் அதிலுள்ள அத்தனை ஓவியங்களும் சேர்ந்து அழிகின்றன. ஆண்ட்ராய்டின் செயலி அமைப்புகளில் ‘கேஷை அழி’ என்பதும் ‘தரவை அழி’ என்பதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். முன்னது தற்காலிகக் கோப்புகளை நீக்கும்; பின்னது ஓவியங்களையும் சேர்த்து அழித்துவிடும். ஐபேடில் ‘ஆஃப்லோட்’ செய்தால் செயலி மட்டும் நீங்கி அதன் கோப்புகள் தங்கும். ‘டெலீட்’ செய்தால் இரண்டும் போகும். எல்லா ஓவியங்களின் பிரதியும் வெளியே இருக்கிறது என்று திறந்து பார்த்து உறுதிசெய்யும் வரை, இந்தப் பொத்தான்களின் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

காரணத்தைக் கண்டறிவது

ஒரே கிராஷ் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால், அது எப்போது நிகழ்கிறது என்று கவனித்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும். வெகுநேரம் வரைந்த பிறகு மட்டும் நிகழ்கிறதென்றால் ரேம் சிறுகச் சிறுக நிரம்புகிறது என்று பொருள். மணிக்கு ஒருமுறை ஓவியத்தைச் சேமித்து, செயலியை முழுதாக மூடித் திறந்தால் போதும். ஒரு குறிப்பிட்ட ஓவியத்தில் மட்டும் நிகழ்கிறதென்றால் அதன் அளவோ, அதில் சிதைந்த ஒரு லேயரோ காரணமாக இருக்கும். ஒரு குறிப்பிட்ட பிரஷைத் தொடும்போதெல்லாம் நிகழ்கிறதென்றால் சந்தேகத்துக்கே இடமில்லை: வெளியிலிருந்து இறக்கிய பிரஷ்களில் மிகப் பெரிய டெக்ஸ்ச்சர் படங்கள் இருப்பதுண்டு, அதை நீக்கிப் பாருங்கள். ஈர வண்ணம் போலக் கலக்கும் பிரஷ்களைப் பெரிய அளவில் பயன்படுத்துவதும் கருவியை மிகவும் வருத்தும். எல்லா ஓவியங்களிலும், அதுவும் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கியிருந்தால், அடுத்த திருத்தம் வரும்வரை முக்கியமான வேலையை ஒத்திவைப்பதே நல்லது. இதனால்தான் வேலையின் நடுவில் இயங்குதளத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்கிறார்கள்.

ஐபேடில் இதை இன்னும் துல்லியமாகப் பார்க்க முடியும். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதனுள் அனலிட்டிக்ஸ் அண்ட் இம்ப்ரூவ்மென்ட்ஸ், அதனுள் அனலிட்டிக்ஸ் டேட்டா என்று போனால் நீளமான பட்டியல் ஒன்று வரும். செயலி மூடிக்கொண்ட அதே நேரத்தைக் காட்டும் கோப்பின் பெயர் ‘ஜெட்சம்ஈவென்ட்’ என்று தொடங்கினால், ரேம் பற்றாக்குறையால் இயங்குதளம் ஏதோ ஒரு செயலியை நிறுத்தியிருக்கிறது என்று பொருள். ஓவியச் செயலியின் பெயரிலேயே கோப்பு இருந்தால், பிழை அந்தச் செயலிக்குள் நேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

வெப்பத்தையும் மறந்துவிடக்கூடாது. ஐபேடைப் பயன்படுத்துவதற்கான சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை என்று ஆப்பிள் குறிப்பிடுகிறது. சார்ஜ் ஏற்றிக்கொண்டே, தடித்த உறைக்குள் வைத்து, வெயில் படும் இடத்தில் வரைந்தால் கருவி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

தொடங்கும்போதே செய்யக்கூடியவை

திரையில் மட்டும் பார்க்கப்போகும் ஓவியத்துக்கு நீளமான பக்கம் 3000 பிக்சல் இருந்தாலே தாராளம். அச்சுக்குப் போகும் ஓவியத்துக்கு மட்டும் தாளின் அளவையும் 300 டிபிஐயையும் வைத்துக் கணக்கிடுங்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மிகப் பெரிய கேன்வாஸைத் தொடங்குவதே புதியவர்களின் கிராஷ்களுக்குத் தலையாய காரணம் என்பேன். முடிந்த பகுதிகளின் லேயர்களை இணைத்துவிடுங்கள். இணைப்பதற்கு முன் கோப்பின் பிரதியை எடுத்துக்கொண்டால், லேயர்கள் போய்விடுமே என்ற அச்சமும் வேண்டாம்.

அந்தப் பிரதிகளுக்கு எண்ணிட்டுப் பெயர் வைப்பது சிறு வேலைதான், பயனோ பெரிது. கோட்டோவியம் முடிந்ததும் ‘ஓவியம்_01’, அடிப்படை வண்ணம் முடிந்ததும் ‘ஓவியம்_02’ என்று ஒவ்வொரு கட்டத்திலும் தனிக் கோப்பாக வைத்தால், எது சிதைந்தாலும் முந்தைய கட்டத்திலிருந்து தொடரலாம். வெளியே அனுப்பும்போது செயலியின் சொந்த வடிவில் ஒன்றும், லேயர்களுடன் பிஎஸ்டி எனப்படும் ஃபோட்டோஷாப் வடிவில் ஒன்றும், தட்டையான பிஎன்ஜி ஒன்றும் எடுத்துக்கொள்வது சிறந்தது. சொந்த வடிவம் அதே செயலியில் எல்லாவற்றையும் அப்படியே திருப்பித் தரும். பிஎஸ்டியை வேறு பல செயலிகளிலும் திறக்கலாம், சில விசேஷ விளைவுகள் மட்டும் மாறக்கூடும். கிளவுடுடன் தானாக ஒத்திசைப்பதை மட்டும் காப்புப்பிரதி என்று நம்பிவிடாதீர்கள். டேப்லெட்டில் கோப்பு சிதைந்தால் அந்தச் சிதைந்த பதிப்பே மேலே போய்ச் சேரும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். வாரம் ஒருமுறையாவது ஒத்திசைவில் இல்லாத ஓர் இடத்துக்கும் பிரதி போக வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் ரேமே தடையாக இருந்தால், டேப்லெட்டில் ரேமைக் கூட்ட முடியாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மெமரி கார்டு போட்டால் சேமிப்பகம்தான் பெருகும். அதனால் புதிதாக வாங்குபவர்கள் சேமிப்பகத்தின் எண்ணைப் பார்ப்பதோடு ரேமின் எண்ணையும் தேடிப் பார்க்க வேண்டும். இரண்டும் சில மாடல்களில் ஒன்றோடொன்று கட்டுண்டிருக்கும். 2021இல் வந்த எம்1 ஐபேட் ப்ரோவில் 1 டிபி, 2 டிபி மாடல்களுக்கு 16 ஜிபி ரேமும், மற்றவற்றுக்கு 8 ஜிபியும் கொடுக்கப்பட்டன. 2022இல் வெளியான ஐபேட்ஓஎஸ் 16, ஆதரவுள்ள சில ஐபேடுகளில் சேமிப்பகத்தின் ஒரு பகுதியை ரேமின் நீட்சியாகப் பயன்படுத்தும் வசதியையும் கொண்டுவந்தது. வாங்கும் முன் நீங்கள் வழக்கமாக வரையும் கேன்வாஸ் அளவையும், சராசரியாக வைக்கும் லேயர்களின் எண்ணிக்கையையும் எடுத்து மேலே சொன்ன பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். வரும் விடையைப் போல் இரண்டு மடங்காவது ரேம் உள்ள கருவியைத் தேர்ந்தெடுத்தால், அன்டூ வரலாற்றுக்கும் இயங்குதளத்துக்கும் ஓரளவு இடம் மிஞ்சும்.